கால் முன்னுக்கு

வேலைச் சப்பாத்துகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு, களஞ்சியத்தின் இரும்புக் கதவைத் தாண்டி இருநூறு அடி நடந்திருப்பேன். மழை தூறிக்கொண்டிருந்தது. வாசலில் இருந்த காவலாளி என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, அது தொங்கிய நீல நாடாவை மட்டும் திருப்பித் தந்திருந்தார். நாடா உன்னுடையதுதான், வைத்துக்கொள் என்றார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கழுத்திலேயே போட்டுக்கொண்டு நடந்தேன். லண்டனில் நான் இப்படி விட்டு நடந்த இடங்கள் பல. பெட்ரோல் நிலையம், கோழி பொரிக்கிற கடை, கார் கழுவுகிற இடம், விமானச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குகிற தொழிற்சாலை. பெரும்பாலும் நானாகத்தான் விட்டேன். ஒரே இடத்தில் ஒரு வருடம் நின்றால் காலுக்குள் ஏதோ ஊரத் தொடங்கிவிடும். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்ட நாளில் தொடங்கிய வியாதி அது. ஆனால் இந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். இங்கிருந்து என்னை அனுப்பியது ஒரு பெட்டி. சரியாகச் சொன்னால், ஒரு பெட்டியின் மூடி.

அது ஓர் அருங்காட்சியகத்தின் களஞ்சியம். மக்கள் பார்க்க வைக்கிற பொருள்கள் கொஞ்சம்தான்; வைக்க இடமில்லாமல் அடுக்கி வைத்திருப்பவை ஒரு நகரத்தையே நிரப்பும். பழைய கட்டடத்தைக் காலி செய்து எல்லாவற்றையும் புதிய கட்டடத்துக்குக் கொண்டுபோகும் வேலை நடந்துகொண்டிருந்தது. தூக்குவதற்கும் தள்ளுவதற்கும் ஆள் தேவைப்பட்டது. ஏஜென்சிக்காரர் என்னை அனுப்பினார். எட்டு மாதம் வேலை செய்தேன். கெதியாச் செய், வேகமாகச் செய் என்று கேட்டுப் பழகிய எனக்கு அந்த இடம் விசித்திரமாக இருந்தது. அங்கே மெதுவாகச் செய் என்றுதான் சொன்னார்கள். ஒரு மண் குடத்தை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு மாற்றுவதற்கு முன், எங்கே பிடிப்பது, எங்கே வைப்பது, இடையில் யார் நிற்பது என்று மூன்று பேர் நின்று பேசுவார்கள். என் உடம்புக்கு அது பிடித்திருந்தது. இடமாற்றம் முடிந்ததும் ஏஜென்சி ஆட்களில் இரண்டு பேரை நிரந்தரமாக எடுப்பதாகப் பேச்சிருந்தது. அதில் ஒருவன் நான் என்று மனேஜர் என்னிடமே சொல்லியிருந்தார்.

எங்களோடு நிரந்தர வேலையில் இருந்தவர் ஓவசியர். ஊரில் வீதி போடுகிற வேலைகளை மேற்பார்வை பார்க்கிற ஓவசியராக மூன்றோ நான்கோ வருடம் இருந்தவர். லண்டனுக்கு வந்து இருபது வருடமாகியும் அந்தப் பட்டம் அவரை விட்டுப் போகவில்லை. அவர் போக விடவும் இல்லை. எங்களோடு வேலை செய்த போலந்துக்காரர்கள் அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்து ஓவ்சி, ஓவ்சி என்று கூப்பிட்டார்கள். காற்சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவு நாடா இருக்கும். எந்தக் கதவையும் அளக்காமல் உள்ளே போக மாட்டார். "கதவு எண்பத்தேழு. ட்ரொலி எண்பது. இடிச்சா உன்ரை வயிறுதான் தம்பி இடிக்கும்" என்பார். எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனது என்று சொல்ல முடியாது. எதற்கும் ஒரு சட்டம் வைத்திருப்பார். தேநீரை எப்படி ஆற்றுவது என்பதற்கும் சட்டம். நான் அறை மாறிக்கொண்டே இருப்பது அவருக்கு எரிச்சல். இந்த மாதம் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிறேன் என்றால், "வெள்ளைக்காரன் உனக்குத் தபால் போடுறதெண்டா ஆளை விட்டுத் தேடித்தான் போடவேணும்" என்பார்.

அவருக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிந்திக் கல்யாணம் கட்டியவர். அகதியாக வந்தவருக்குத் தரும் பயணப் பத்திரத்தில் எந்த நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக முடியாது. அதனால் பெண் வீட்டார் திருச்சிக்கு வந்தார்கள், இவரும் திருச்சிக்குப் போனார், அங்கே தாலி கட்டி இருபது நாள் ஒன்றாக இருந்தார்கள். பிறகு அவர் இங்கே, மனைவி யாழ்ப்பாணத்தில். ஆறு வருடம். மனைவியைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் இரண்டு தரம் திரும்பி வந்தது. மூன்றாம் தரம் போட்டபோது, இவர் இன்ன இடத்தில் நிரந்தர வேலையில் இருக்கிறார் என்று மனேஜர் கொடுத்த கடிதத்தைத்தான் மேலே வைத்து அனுப்பினார். முடிவு வரும்வரை அந்தக் கடிதம் உண்மையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் கையொப்பமிட்டு உள்ளே வரும்போது, இன்னும் ஒரு நாள் உண்மை என்று நினைப்பாரோ என்னவோ, பேனாவை மெல்ல வைப்பார்.

அந்தப் பெட்டி மூன்றாம் மாடியில் இருந்தது. பழைய எகிப்தியர் பிரேதம் வைத்த மரப்பெட்டி. மரத்தை மனித உருவத்துக்குச் செதுக்கி, மேலே வெள்ளைப் பூச்சுப் பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டியிருந்தார்கள். மஞ்சள் முகம், மை எழுதிய பெரிய கண்கள், நீலமும் பச்சையும் கலந்த கூந்தல். கழுத்திலிருந்து நெஞ்சுவரை வரிசை வரிசையாகப் பூவிதழ்கள். அதற்குக் கீழே செட்டை விரித்த ஒரு பெண். பிறகு பாதம்வரை எழுத்து: குருவி, கண், தண்ணீர் அலை, குந்தியிருக்கிற ஓர் ஆள். பாதத்தின் அடியில், யாரும் பார்க்காத இடத்தில், ஓடுகிற ஒரு காளை மாடு. அதன் முதுகில் துணி சுற்றிய ஓர் உருவம் கிடந்தது. இறந்தவரைக் காளை சுமந்துகொண்டு போகிறது என்று வண்ணப்பூச்சைப் பராமரிக்கிற பெண்மணி எங்களுக்குச் சொன்னார். நரைத்த குட்டை முடி, சின்னக் குரல். அவர் பேசும்போது எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம். பெட்டிக்கு உரிய பெண் கோயிலில் பாடியவர் என்றும் அவர்தான் சொன்னார். நான் அதை ஓவசியருக்குச் சொன்னேன்.

"கோயிலிலை பாடினவவாம் அண்ணை."

"அப்ப தேவாரம் படிச்சவ எண்டு சொல்லு. மரியாதையாத் தூக்கு."

"தூக்கிறதுக்கு என்ன இருக்கு? உள்ளுக்கை ஆள் இல்லை. வெறும் பெட்டி."

"ஆள் இல்லாட்டி என்னடாப்பா? முகம் இருக்குதெல்லோ" என்றார்.

அவருடைய தாயார் இறந்தது அந்தப் பெட்டியை நகர்த்துவதற்கு மூன்று கிழமைக்கு முன். எங்கள் பக்கத்தில் பிரேதத்தை இரண்டு நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. வைத்திருந்தாலும் அவர் போக முடியாது. செத்தவீடு நடந்த அன்று பத்து மணி இடைவேளைக்குக் கன்டீனுக்குப் போனோம். ஊரில் அப்போது பிற்பகல். மச்சான் ஒருவர் செத்தவீட்டிலிருந்து போனில் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார். ஓவசியர் தன்னுடைய போனைத் தேநீர்க் குடுவையில் சாய்த்து வைத்துவிட்டு, மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்று பார்த்தார். கதிரையில் இருக்கவில்லை. நான் அவருக்குப் பின்னால் நின்றேன். ஒலியைக் குறைத்து வைத்திருந்தார். பறை அடிக்கிறவர்களின் கை மட்டும் தெரிந்தது. ஆட்கள் பெட்டியைத் தூக்கினார்கள். வாசலில் யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள் போலிருக்கிறது. சுற்றிக்கொண்டு வருவதற்காக முற்றத்திலேயே பெட்டியைத் திருப்பினார்கள். திருப்பியவர்கள் மறுபடி நேராக்கவில்லை. தலை முன்னால் வந்தது.

எங்கள் வழக்கத்தில் கால்தான் முன்னால் போக வேண்டும். வேறு ஊர்களில் வேறு மாதிரி இருக்கலாம், எனக்குத் தெரியாது. நடந்து வந்த வீட்டிலிருந்து நடந்தே போகிற மாதிரி, முகம் வீட்டைத் திரும்பிப் பார்க்காத மாதிரி என்று யாரோ எப்போதோ எனக்குக் காரணம் சொல்லியிருக்கிறார்கள். ஓவசியர் காரணம் எதுவும் சொல்லவில்லை. "திருப்புங்கோடா!" என்று கத்தினார். "டேய், திருப்புங்கோடா! கால் முன்னுக்கு!" கன்டீனில் எல்லோரும் திரும்பினார்கள். நேரலை ஒருவழிப் பாதை. இங்கே கத்துவது அங்கே கேட்காது. அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் இன்னொரு தரம் கத்தினார். பிறகு எழுதப் பார்த்தார். தமிழ் எழுத்தைத் தேட நேரமில்லாமல் ஆங்கில எழுத்தில் திருப்புங்கோ என்று அடித்தார். அவருடைய தடித்த விரல் இரண்டு தரம் பிழையாக அடித்தது. அவர் அனுப்பியபோது பெட்டி வாகனத்துக்குள் ஏறிவிட்டது. திரையில் கும்பிடுகிற கைகளும் ஓம் சாந்திகளும் ஏறிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே இவருடைய வரியும் ஏறி மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து மச்சான் அந்த வரிக்கு ஒரு கட்டை விரலைப் போட்டார். பக்கத்து மேசையிலிருந்த போலந்துக்காரர் ஏதோ ஆட்டம் பார்க்கிறார் என்று நினைத்து, யார் வெல்கிறார்கள் ஓவ்சி என்று கேட்டார். ஓவசியர் போனை எடுத்துப் பையில் வைத்தார். தேநீரைக் குடித்து முடித்தார். இடைவேளை முடிய இரண்டு நிமிடம் இருந்தது. அந்த இரண்டு நிமிடமும் குடுவையின் மூடியைத் திருகித் திறந்து, திருகி மூடிக்கொண்டிருந்தார்.

பெட்டியை நகர்த்திய நாளில் எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. மூடியைத் தனியாக ஒரு பலகையில் வைத்து, இருபக்கமும் பஞ்சணை முட்டுக்கொடுத்து, ட்ரொலியில் ஏற்றினோம். வண்ணம் உதிர்கிற நிலையில் இருந்ததால் மேலே எதுவும் போர்த்தவில்லை. முகம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாதப் பக்கம்தான் மிகவும் பலவீனம், அங்கே பூச்சு மரத்தைவிட்டு எழும்பி நிற்கிறது என்று பெண்மணி சொன்னார். அதனால் தலைப்பக்கம் முன்னால், பாதப்பக்கம் பின்னால். பாதம் எந்தக் கதவுக்கும் கிட்டப் போகக் கூடாது. தாளில் அம்புக்குறி போட்டு எழுதிப் பலகையில் ஒட்டியும் இருந்தார். ஓவசியர் முன்னால் பிடிக்க, நான் பின்னால் தள்ள, பெண்மணி எங்களுக்கு முன்னே நடந்தார். நடைவழி திரும்புகிற இடத்தில், லிஃப்ட் கதவைப் பிடித்து வைப்பதற்காக அவர் வேகமாகப் போனார். சுவர் மறைத்தது. நாங்கள் இருவரும் பெட்டியும் மட்டும் நின்றோம். எங்களுக்கு முன்னால், லிஃப்டுக்கும் அதன் வழியே கட்டடத்தைவிட்டு வெளியேயும் போகிற வாசல்.

ஓவசியர் அசையவில்லை. என்ன அண்ணை என்றேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், மஞ்சள் முகத்தை. பிறகு, "திருப்படா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அது கன்டீனில் கேட்ட அதே குரல். "தம்பி, திருப்படா. கால் முன்னுக்கு."

நான் யோசித்தேன், பிறகு திருப்பினேன் என்று எழுதினால் பொய். என் கை முதலில் திருப்பியது. மூன்று கிழமையாக அந்தக் குரல் என் காதுக்குள் கிடந்திருக்கிறது. யாராவது திருப்பினால் போதும் என்று அது கேட்டுக்கொண்டிருந்தது. எந்தக் கதவையும் அளக்காமல் தாண்டாத மனிதர், அன்றைக்கு அளவு நாடாவை வெளியே எடுக்கவில்லை. நடைவழியின் அகலத்தைவிட ட்ரொலியின் நீளம் கொஞ்சம்தான் குறைவு. பாதி திரும்பும்போது பாதப் பக்கம் கதவு நிலையில் உரசியது. சத்தம்கூட வரவில்லை. நிலத்தில் பெருவிரல் நகமளவு ஒரு துண்டு கிடந்தது. காளையின் முதுகில் கிடந்த உருவத்தின் ஒரு பகுதி. வெள்ளைப் பூச்சு, மேலே சிவப்புக் கோடு.

பெண்மணி திரும்பி வந்து பார்த்தார். ஏசவில்லை. முழங்காலில் நின்று, சின்னத் தூரிகையால் அந்தத் துண்டை ஒரு தாளில் ஏற்றினார். இவ்வளவு காலம் பிடித்துக்கொண்டிருந்தது என்று மட்டும், எங்களுக்குச் சொல்லாமல் தனக்கே சொல்லிக்கொண்டார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஓவசியரைப் போய் மனேஜரைக் கூட்டிவரச் சொன்னார். அவர் போன பிறகு, நானும் பெண்மணியும் ட்ரொலியை அங்குலம் அங்குலமாகப் பழையபடி திருப்பினோம். லிஃப்டுக்குள் தலைதான் முன்னால் போனது.

மனேஜரின் அறையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். உங்களில் யார் திருப்பியது என்று கேட்டார். நல்ல மனிதர். அவருக்கு ஒரு படிவத்தில் ஒரு பெயர் எழுத வேண்டியிருந்தது. நான் ஓவசியர் பேசுவார் என்று பார்த்தேன். ஒரு மூச்சு விட்டேன், இரண்டு விட்டேன், ஐந்து விட்டேன். பக்கத்தில் சத்தமில்லை. நான்தான் என்றேன். பெரிய தியாகம் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். திருப்பியது என் கைதான். அதோடு, அந்த அறையில் தொடர்ந்து நிற்க எனக்குச் சலிப்பாக இருந்தது. ஏன் திருப்பினாய் என்றார். கால் முன்னால் போக வேண்டும் என்றேன். ஏன் என்றார். இறந்தவர்கள் அப்படித்தான் போவார்கள் என்றேன். என் ஆங்கிலத்துக்கு அதற்குமேல் போக முடியாது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இது உங்கள் சமயமா என்று கேட்டார். ஆம் என்று சொல்லியிருந்தால் வேறொரு படிவம் இருந்திருக்கும். யாரையாவது கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள். அந்த விசாரணை எனக்குப் பக்கத்தில் நின்றவரிடமும் போயிருக்கும். இல்லை என்றேன். அப்படியானால் அது கவனக்குறைவு என்று எழுதினார். ஏஜென்சி ஆளுக்குக் கடிதம்கூடத் தேவையில்லை, ஒரு போன் போதும்.

பல வருடம் கழித்து, ஒரு மழை நாளில் வேறு போக்கிடமில்லாமல் அந்த அருங்காட்சியகத்துக்குள் போனேன். பெட்டியை இப்போது மக்கள் பார்க்க வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குள் நிமிர்ந்து நிற்கிறது. நிற்கிற பெட்டிக்கு எது முன், எது பின்? பாதத்தின் அடியில் இருக்கிற காளையை அப்படி நின்றால் யாரும் பார்க்க முடியாது. அந்தத் துண்டை ஒட்டியிருப்பார்கள். ஓவசியரின் மனைவி வந்துவிட்டார் என்றும், ஸ்ட்ரெதமில் இருக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. அவருக்கு என்னைப் பார்ப்பது கஷ்டமாக இருக்கும். எனக்கும்தான்.

வேலை போன அன்றைக்கு நான் பஸ் தரிப்பை அடையும்போது பின்னால் ஓடிவருகிற சத்தம் கேட்டது. ஓவசியர். குளிர் அங்கி போடாமல் வந்திருந்தார். மூச்சு வாங்கியது.

"ஆர் உன்னைச் சொல்லச் சொன்னது?" என்றார். கோபமாகத்தான் கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"நான் சொல்லத்தான் வாய் திறந்தனான். அதுக்குள்ளை நீ முந்திக்கொண்டாய்."

"வாய் திறந்ததை நான் காணேல்லை அண்ணை."

"நீ எங்கை கண்டனி, நிலத்தையெல்லே பாத்துக்கொண்டு நிண்டனி."

"நீங்களும் நிலத்தைத்தான் பாத்தனீங்கள்."

மழை அவருடைய வழுக்கையில் விழுந்து வழிந்தது. பிறகு, "இப்ப போய்ச் சொல்லிறன். மனேஜர் இன்னும் கந்தோரிலைதான் இருக்கிறான்" என்றார்.

"சொல்லுங்கோ" என்றேன்.

நான் வேண்டாம் என்று சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்கு அந்த மரியாதையைச் செய்யவும் களைப்பாக இருந்தது. அவர் களஞ்சியத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒரு கால் எடுத்து வைத்தார் என்றுகூடச் சொல்லலாம். பிறகு அப்படியே நின்றார். "மனுசி வரவேணுமடா" என்றார். அதை என்னிடம் கெஞ்சிச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரிச் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பஸ் வருவது தெரிந்தது. நான் பையைக் கை மாற்றினேன். அவர் கிட்ட வந்தார். குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் ஒருவரும் இல்லாதபோதும் தாழ்த்தி, "தம்பி, நான் மனேஜரைக் கூப்பிடப் போயிட்டன். அதுக்குப் பிறகு பெட்டி எப்பிடிப் போனது?" என்று கேட்டார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"காலோ முன்னுக்கு?"

"ஓம் அண்ணை" என்றேன். "கால்தான் முன்னுக்கு."

தலையை இரண்டு தரம் ஆட்டினார். என் தோளில் கை வைக்கப் போனவர், வைக்காமல் எடுத்துக்கொண்டார். நான் ஏறினேன். கதவு மூடியது.

அடுத்த நாள் காலை சட்டனில் ஒரு பலசரக்குக் கடையில் நின்றேன். ஃபாரஸ்ட் கேட்டில் என்னோடு அறையில் இருந்தவர் சொல்லிவிட்ட இடம். லொறி நிறைய அரிசி மூட்டைகள் வந்திருந்தன. இறக்கிப் பின்னறையில் அடுக்க வேண்டும். முதல் மூட்டையைத் தோளில் வாங்கிக்கொண்டு போய், எப்படி அடுக்குவது என்று கடைக்காரரைக் கேட்டேன். அவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"எப்பிடி வைச்சாலும் சரி" என்றார். "கெதியா வை. அடுத்த லொறி நிக்குது."